செட்டிநாட்டில் தரிசை மீட்டுத் தரும் ஊர்க் குழுக்கள்: எந்த வேலைக்கு நம்பலாம், எங்கே கழன்றுகொள்வார்கள்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைப் பக்கம் போனாலும் திருமயம் பக்கம் போனாலும் சாலையோரம் பச்சையாகத் தெரிவதெல்லாம் பயிர் இல்லை. சீமைக்கருவேல், ஊர்ப்பேச்சில் கருவை. அதன் காலடியில் கிடப்பது ஒரு காலத்தில் வரகும் கொள்ளும் கடலையும் விளைந்த புன்செய். ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் ஒருவர் தனியாக இறங்கி அதை மீட்க முடியாது. சின்ன நிலத்துக்கு ஜேசிபியும் டிப்பரும் தனியாக அமர்த்தினால் வந்துபோகிற செலவே மிஞ்சிவிடும். தண்ணீர் வரவேண்டிய வரத்துக்கால் அடுத்தவர் நிலத்தின் வழியாக வரும். மேய வரும் ஆடு ஊரார் ஆடு. அதனால்தான் இந்த வேலை ஊர்க் குழுக்களிடம் போகிறது.

செட்டிநாட்டில் இப்போது நான்கு வகையான குழுக்கள் இதில் இறங்குகின்றன: கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மகளிர் சுய உதவிக் குழு, கருவை வெட்டக் கிளம்பும் இளைஞர் மன்றம். யார் பெயரையும் சொல்லி நாங்கள் மதிப்பெண் போடவில்லை. செயலாளர் மாறினால் சங்கத்தின் குணமே மாறிவிடும். இன்றைய மதிப்பெண் அடுத்த ஆடிக்குச் செல்லாது. வேலை வேலையாகப் பிரித்துச் சொல்வதுதான் நிலம் வைத்திருப்பவருக்கு உதவும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வெட்டவும் அள்ளவும் ஆள் கிடைக்கிறது, தரமும் பரவாயில்லை. இரண்டாம் வருடம் திரும்பி வந்து பார்க்கும் குழுதான் அரிது. மீட்ட நிலம் மறுபடி கெடுவது பெரும்பாலும் அந்த இரண்டாம் வருடத்தில்தான்.

கருவை எடுப்பு

இளைஞர் மன்றங்களும் விறகு வியாபாரிகளும் சேர்ந்து தரும் ஏற்பாடு இதுதான்: அவர்களே வெட்டுவார்கள், கட்டையை எடுத்துக்கொள்வார்கள், நிலத்துக்காரர் காசு கொடுக்க வேண்டாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வியாபாரிக்குத் தேவை கரிக்கும் விறகுக்கும் ஆகிற தடிப்பான கட்டை மட்டும். முழங்கால் உயரத்தில் அறுத்துவிட்டுப் போவார்கள், முள்ளைக் குவித்துவிட்டுப் போவார்கள். கருவையின் மொட்டுகள் தரைக்குக் கீழே, தண்டும் வேரும் சேரும் கழுத்தில் இருக்கின்றன. மேலே அறுத்தால் ஒரு மரம் இருந்த இடத்தில் அடுத்த வருடம் பத்துக் கிளை விட்ட புதர் நிற்கும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவையை அகற்றச் சொன்னபோது ஊருக்கு ஊர் இயந்திரம் இறங்கியது. தூரை, அதாவது அடிக்கட்டையும் வேர்க்கழுத்தும் சேர்ந்த பகுதியை, விட்டுவிட்டு வெட்டிய இடங்கள் என்ன ஆயின என்பதைப் பார்க்க அதிக தூரம் போக வேண்டியதில்லை.

ஆகவே பேச்சு கட்டையைப் பற்றி இருக்கக் கூடாது, தூரைப் பற்றி இருக்க வேண்டும். ஒரு அடி ஆழத்துக்குத் தூரோடு பெயர்க்க வேண்டும். பெரிய மரத்துக்கு ஜேசிபியின் பின்வாளி, கைத்தடி அளவு இருப்பதற்குக் கடப்பாரை. பெயர்த்த குழியை மூடி மட்டம் தட்டுவதும் ஒப்பந்தத்திலேயே வரவேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் யாரும் மூடுவதில்லை. உழ வருகிற டிராக்டர்க்காரர் முதல் சாலிலேயே திரும்பிப் போய்விடுவார்.

காலம் தை, மாசி. வடகிழக்கு மழை நின்று மண்ணில் ஈரம் இன்னும் இருக்கும்போது வேர் முழுசாக வரும். சித்திரை வெயிலில் இதையே செய்தால் செம்மண் கல்லாகிப்போய், தூர் பாதியில் முறிந்து உள்ளேயே நின்றுவிடும். குழுக்கள் பெரும்பாலும் சித்திரையில்தான் வருகின்றன, ஏனென்றால் அப்போதுதான் ஆட்களுக்கு வேறு வேலை இல்லை. காத்திருக்கச் சொல்வார்கள், காத்திருக்க வேண்டாம். தை பிறந்ததும் கேட்டு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கரிமூட்டத்தை நிலத்துக்குள் போட விடவே கூடாது. மூட்டம் போட்ட இடத்தில் மண் சுட்டுச் செங்கல் மாதிரி ஆகிவிடும். சாம்பலால் காரம் ஏறும், தண்ணீர் இறங்காது. வட்ட வட்டமாக அந்த இடங்கள் மட்டும் பயிரில்லாமல் நிற்பதைப் பல வயல்களில் பார்க்கலாம்.

இனி விதை. தூர் எடுத்த நிலத்தில் முதல் கோடை மழைக்கே கருவைக் கன்று புல் மாதிரி முளைக்கும். விரல் நீளம் இருக்கும்போது கையால் பிடுங்கினால் வேரோடு வரும். ஒரு சாண் தாண்டினால் வராது. கோடை மழைக்குப் பிறகு ஒரு முறை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு முறை என்று முதல் வருடம் இரண்டு தடவை, அடுத்த வருடமும் இரண்டு தடவை பிடுங்க வேண்டும். இந்த வேலையில் மகளிர் குழுக்களை மிஞ்ச ஆளில்லை. வெட்டுக் குழுவிடம் இதைக் கேட்டால் சரி என்பார்கள், வரமாட்டார்கள்.

இங்கே கிடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரிசை மீட்கும்போது ஆட்டுக்கிடை போடுவது, அதாவது மந்தையை இரவில் நிலத்திலேயே அடைத்துவைப்பது, நல்ல வழக்கம். புழுக்கையும் மூத்திரமும் ஒரே இரவில் நிலத்திலேயே விழும், சுமைகூலி இல்லை. ஆனால் கருவை நெற்று உதிரும் கோடையில் ஆடுகள் அதைத்தான் தின்னும். விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வரும், அதுவும் முளைக்கத் தயாராக. மந்தைக்காரரான கீதாரியிடம் கிடைக்கூலி பேசுவதற்கு முன், போன வாரம் மந்தை எங்கே மேய்ந்தது என்று கேளுங்கள். கருவைக் காட்டில் மேய்ந்து நேராக வருகிற மந்தை என்றால், முதல் சில இரவுகளை வேறெங்காவது கழித்துவிட்டு வரட்டும். கிடை கிளப்பியதும் ஒரு உழவு, அடுத்த மழைக்கு ஒரு களை என்று கணக்கு வைத்துக்கொண்டால் தொல்லை குறையும்.

கரம்பை அடிப்பு

பாசனச் சங்கங்கள் நன்றாகச் செய்யும் வேலை இதுதான். கண்மாய் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் உட்பரப்பில், படிந்த வண்டலை நிலத்தில் பரப்புவது. நம் பக்கத்தில் கரம்பை அடிப்பது என்போம். விவசாயத்துக்கு எடுத்தால் கட்டணம் கிடையாது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர் என்பது வரம்பு. முன்பு மாவட்ட அளவில் அலைய வேண்டியிருந்தது. 2024-இல் விதியை எளிதாக்கி வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று ஆக்கினார்கள். இணைய வழியில் விண்ணப்பிக்கலாம். நல்ல சங்கம் என்றால் ஊரிலுள்ள பத்துப் பதினைந்து பேர் விண்ணப்பத்தை ஒரே நாளில் போட வைத்து, ஜேசிபியை ஒரே வாரத்துக்கு இறக்கும். வாடகை பங்காகப் பிரிவதால் இரண்டு ஏக்கர்க்காரருக்கும் கட்டுப்படியாகும். சங்கத்தின் உண்மையான சேவை இந்த ஒருங்கிணைப்புதான்.

அளவைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு டிராக்டர் டிப்பர் ஏறக்குறைய 3 கனமீட்டர். ஜேசிபியின் முன்வாளியில் மூன்று வாளி. புன்செய் ஏக்கருக்கு 30 நடை. அதைச் சீராகப் பரப்பினால் கனம் 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒரு அங்குலம்கூட வராது. இவ்வளவுதானா என்று தோன்றும். எடையில் பார்த்தால் அது நூறு டன்னைத் தொடும். மேல் நாலைந்து அங்குல மண்ணோடு உழுது கலந்தால், மணலும் சரளையுமான நிலம் ஈரம் பிடிக்கிற வித்தியாசம் அந்த வருடமே தெரியும்.

நடைக் கணக்கில் ஏமாற்று நடக்கும். டிப்பர் முக்கால் நிறைவோடு வரும், நோட்டில் முழு நடை ஏறும். நிலத்தில் ஒருவர் நின்று நடைக்கு நடை கையெழுத்து வாங்கும் சங்கங்களில் இந்தப் பிரச்சினை இல்லை. வாடகையை மணிக்கணக்கில் பேசினால் இயந்திரம் மெதுவாகும், நடைக்கணக்கில் பேசினால் டிப்பர் குறையும். எதைப் பேசினாலும் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

எல்லாக் கரம்பையும் நல்ல கரம்பை இல்லை. இதைச் சோதித்துச் சொல்லும் சங்கம் மிகக் குறைவு, நீங்களே செய்துகொள்ளலாம். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் நிற்கும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி மறுநாள்தான் தெளியும். பாதிக்கு மேல் மணல் என்றால் டீசல் செலவுக்குக்கூடப் பிரயோசனமில்லை. அடுத்து, காய்ந்த கட்டி ஒன்றை மழைத்தண்ணீரில் அசைக்காமல் போடுங்கள். உதிர்ந்து கிடந்தால் நல்லது. கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கி மிதந்தால் சோடியம் ஏறிய மண். அதை வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். உள்வாயில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலும் அப்படியே. சந்தேகம் இருந்தால் அரைக் கிலோ மண்ணை மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துத்திறன் மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் பயமில்லை.

எடுக்கும் இடமும் முக்கியம். மேலே படிந்த கறுத்த மண்தான் கரம்பை. அதற்குக் கீழே சரளை தெரிந்த பிறகும் தோண்டிக்கொண்டிருந்தால் அவர்கள் எடுப்பது உங்கள் வயலுக்காக இல்லை, வேறு எங்கோ பள்ளம் நிரப்ப என்று புரிந்துகொள்ளலாம். கண்மாயின் களித் தரையைக் குத்தினால் தண்ணீர் கீழே கசிந்துவிடும். மடையின் மட்டத்துக்குக் கீழே பள்ளம் பறித்தால் அங்கே நிற்கிற தண்ணீர் வயலுக்கு வராது. கரையடியில் தோண்டினால் கரை போகும். பரவலாக, சம மட்டமாகச் சுரண்டுவதுதான் முறை. ஊர்த் தலைவரான அம்பலகாரரும், மடை திறந்து மூடும் பழைய மடையாளும் கூட நின்று எல்லை காட்டுகிற ஊர்களில் இது ஒழுங்காக நடக்கிறது.

கொட்டிய குவியலை உடனே விரவ வேண்டும். கோடை மழை பெய்து களி நனைந்துவிட்டால் மண்வெட்டியில் ஒட்டுமே தவிரப் பரவாது. பங்குனி, சித்திரையில் அடித்து, காய்ந்த கட்டியாகவே விரவி, முதல் மழைக்குக் கட்டி உடைந்ததும் உழுதுவிடுங்கள். உழாமல் மேலே ஏடாக விட்டால் வெடிப்பு விழும், கீழே வேர் போகாது.

செம்புறையும் உளிக்கலப்பையும்

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் வாடகை மையத்தில் உளிக்கலப்பை இருக்கும். பல வருடம் ஒரே ஆழத்தில் உழுததால் இறுகிய கடினத் தட்டை உடைக்க இது நல்ல கருவி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை: அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையில் ஓட்டி, பிறகு குறுக்கே ஓட்ட வேண்டும்; ஆழம் 40 சென்டிமீட்டர்; மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும். ஓட்டுவதற்கு முன் ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் விரவிவிட வேண்டும். மண் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் தட்டு உடையாது, உளி போன தடம் வழவழப்பாகி இன்னும் இறுகும்.

எங்கள் குறை, ஓட்டுநர்கள் குறுக்கு ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது. ஒரு திசை ஓட்டி இரண்டு திசைக்குப் பணம் வாங்குவது சாதாரணம். கம்பியை மண்ணில் குத்தி 40 சென்டிமீட்டர் இறங்குகிறதா என்று அங்கேயே நாலு இடத்தில் பாருங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, செம்புறாங்கல் (லேட்டரைட்) கிடக்கும் நிலத்துக்கும் உளிக்கலப்பையை அனுப்புவது. உழவுத் தட்டு வேறு, செம்புறை வேறு. கோவிலுக்கும் கோட்டைச் சுவருக்கும் அறுத்தெடுத்த கல் அது. கலப்பை முனைதான் உடையும். ஒரு அடியில் செம்புறை தட்டுகிற நிலத்தைப் பயிருக்கு விடாமல் மரத்துக்கு விடுங்கள். முந்திரி என்றால் 7 மீட்டருக்கு 7 மீட்டர், ஏக்கருக்கு 80 கன்று. குழியை இயந்திரத் துளைப்பானால் போட்டால் செம்புறையில் பக்கச் சுவர் மழமழவென்று இறுகி, வேர் தொட்டியில் வைத்த மாதிரி சுற்றிக்கொள்ளும். கடப்பாரையால் சுவரைக் கொத்திவிட்டு, மேல்மண்ணும் கரம்பையும் தொழு உரமும் கலந்து நிரப்புங்கள்.

செம்புறை மண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு: போட்ட மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பு பிடித்து வைத்துக்கொள்ளும். சூப்பர் பாஸ்பேட்டைத் தனியாகத் தூவுவது காசை மண்ணில் புதைப்பதுதான். ஏக்கருக்கு 300 கிலோ மக்கிய தொழு உரத்தில் சூப்பரைக் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, ஒரு மாதம் மூடி வைத்துப் போட்டால் பயிருக்குக் கிடைக்கும். இந்த ஊட்டமேற்றிய தொழு உரத்தைக் கேட்டால் செய்துதரும் மகளிர் குழுக்கள் இருக்கின்றன. மழை வருவதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். எந்தப் பயிருக்கு எவ்வளவு என்ற சந்தேகத்துக்குச் செட்டிநாட்டிலேயே மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குழுக்கள் அங்கே போய்க் கேட்பதே இல்லை என்பதுதான் வேடிக்கை.

தென்னை நார்க்கழிவில் மட்டும் கவனம். சிங்கம்புணரிப் பக்கத்து நார் ஆலைகளிலிருந்து லோடு மலிவாக வரும், குழுவே கொண்டுவந்து கொட்டித் தரும். மக்காத கழிவைப் போட்டால் அது மக்குவதற்கு மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தின்றுவிடும், பயிர் மஞ்சள் பிடிக்கும். ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் 5 பாட்டில் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காத்து, கறுத்து மண்வாசனை வந்த பிறகுதான் வயலுக்கு. செந்நிறமாகவே வந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

வரத்துக்கால்

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். எந்தக் குழுவும் இதில் முதலில் கைவைப்பதில்லை என்பதால் இங்கே வந்து நிற்கிறது. கண்மாய்க்குத் தண்ணீர் வராமல், அதில் பாயும் நிலமான ஆயக்கட்டை மீட்டு என்ன பயன்? வரத்துக்காலில் மண் மேடு, கருவை, இடையில் ஒரு வீட்டுமனை, மேற்கே தைலமரக் காட்டுக்குள் மழைநீரை மறித்து வெட்டிய அகழி. உபரிநீர் வெளியேறும் கலுங்கு வழிந்து வருடக்கணக்கான கண்மாய்களில் கோளாறு பெரும்பாலும் கண்மாய்க்குள் இல்லை, அதற்கு மேலேதான் இருக்கிறது. குடிமராமத்து (ஊராரே கண்மாயைச் செப்பனிடுவது) என்று பேர் சொல்லிக் கரையை உயர்த்திப் படம் எடுத்துக்கொள்வது சுலபம். வரத்துக்காலை அளந்து, மறிப்பை எடுக்கச் சொல்லி மனுக் கொடுத்து, மேலூர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசுவது கடினம். ஆனி, ஆடியில் வரத்துக்கால் முழுவதும் நடந்து பார்க்கிற சங்கம் உங்கள் ஊரில் இருந்தால், மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொண்டு அதில் சேருங்கள்.

நிலத்துக்குள்ளேயே மழையைப் பிடிப்பது சுலபமான வேலை. 8 மீட்டருக்கு 5 மீட்டர் பாத்தியாகப் பகுதி வரப்புப் போட்டால் போதும். மட்டம் பார்க்க, ஆங்கில A வடிவில் கட்டிய ஏ சட்டத்தைக் கொண்டுவருகிறார்கள். இங்கே சரிவு அவ்வளவு லேசானது, சட்டம் சரியாகக் காட்டாது. உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பார்க்கும் கொத்தனார் மட்டமே நம்பகமானது.

முதல் விதைப்பு

மீட்ட நிலத்தில் முதல் வருடமே கடலை போடச் சொல்லும் குழுவின் பேச்சைக் கேட்காதீர்கள். ஆடியிலோ புரட்டாசியிலோ மழையைப் பார்த்து, மடக்கி உழுவதற்கான பசுந்தாள் பயிர் விதையுங்கள். பல பயிர் விதைகளைக் கலந்து தூவும் பலதானிய விதைப்பும் செய்யலாம். இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வார் வழியில் வந்த குழுக்கள் ஏக்கருக்கு 20 கிலோ கலந்து தருகிறார்கள். ஆனால் வெள்ளாடு திரியும் ஊரில் அது தீவனமாகத்தான் முடியும். கொழிஞ்சியை ஆடு மாடு தொடாது, சரளையிலும் வரும், அதனால் எங்கள் முதல் தேர்வு அதுவே. ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ. விதைத்தோல் கடினம், கொதிக்காத, 55 டிகிரி வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கியெடுக்க வேண்டும். குழுக்கள் விதையைக் கொடுத்துவிட்டு இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள், முளைப்பு வராததும் விதை மட்டம் என்று சண்டை வரும். ஐப்பசியில் கொள்ளு விதைத்தால் ஏக்கருக்கு 8 கிலோ போதும். கையில் கொஞ்சம் காசும் வரும்.

தரிசுத் தொகுப்பு

அரசின் கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும் 10 முதல் 15 ஏக்கர் தரிசை, குறைந்தது எட்டு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து தொகுப்பாக்கினால் ஆழ்துளைக் கிணறும் பாசன வசதியும் கிடைக்கும். மற்ற ஊர்களில் எளிதாக அமைவது செட்டிநாட்டில் பட்டாவில் வந்து முட்டும். கூட்டுப் பட்டா, ஒரு பங்காளி சென்னையில், ஒரு பங்காளி மலேசியாவில். நடுவில் இப்படி ஒரு துண்டு இருந்தால் தொகுப்பு உடையும். குழுவிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கிணற்றைப் பற்றியதல்ல: பதினைந்து ஏக்கரின் பட்டா நகலும் கையில் இருக்கிறதா? வெளியூர்க்காரர்களிடம் ஒப்புதல் வாங்கி வைத்திருக்கிற குழு என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. இல்லையென்றால் பங்குத்தொகை கட்டாதீர்கள்.

பணம் கொடுக்கும் முறையைப் பொறுத்தவரை, மூன்று தவணை பேசுங்கள். இயந்திரம் இறங்கும்போது ஒன்று, குழி மூடி மட்டம் தட்டியதும் ஒன்று. மூன்றாவதைக் கார்த்திகைக்கு வையுங்கள். அதற்குள் இரண்டு மழை கண்டிருக்கும், முறிந்த தூர் எல்லாம் துளிர் விட்டிருக்கும். நிலத்தை ஒரு சுற்றுச் சேர்ந்து நடந்து, துளிர்த்த தூரை எண்ணி, அதை அவர்களே பெயர்த்த பிறகு மீதியைக் கொடுங்கள். இதற்குச் சம்மதிக்காத குழுக்கள் பல. சம்மதித்து நோட்டில் எழுதித் தருகிற குழு, கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.